பாத்தா மட்டும் காட்டு: ஸ்குவீக் விஎம் வேகமான கதை, ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

ஸ்மால்டாக்ங்கற ப்ரோக்ராமிங் மொழில ஸ்குவீக்னு ஒரு வகை இருக்கு, 1996ல ஆப்பிள்ல ஒரு சின்ன குழு வெளிய விட்டது. அதோட விசேஷம் என்னன்னா விஎம்மையே, அதாவது ப்ரோக்ராம ஓட்டுற மெய்நிகர் மெஷினையே, ஸ்மால்டாக்ல எழுதி வச்சிருப்பாங்க. முழு ஸ்மால்டாக் கிடையாது, ஸ்லாங்னு பேர் வச்ச ஒரு குறுக்குன வகை, அத அப்படியே சி கோடா மாத்தி கம்பைல் பண்ணிக்கலாம். அதனால எந்த மெஷினுக்கும் கொண்டு போறது சுலபம், ஸ்கூல் பசங்க கம்ப்யூட்டர்ல இருந்து கைல வச்சிக்கிற குட்டி மெஷின் வரைக்கும் போய் ஓடுச்சு. வேகம் மட்டும் சுமார்தான்.

இந்த கேஸ் 2008ல ஆரம்பிக்குது. கலிபோர்னியால ஒரு கம்பெனி, ஸ்குவீக் மேல கட்டுன 3டி கூட்ட அறை சாஃப்ட்வேர வித்துட்டு இருந்தாங்க. பல ஊர்ல இருக்கறவங்க ஒரே அறைக்குள்ள நடமாடுற மாதிரி இருக்கும். அதோட அடிப்படை என்னன்னா ஒரே கணக்க ஒவ்வொருத்தர் கம்ப்யூட்டர்லயும் தனித்தனியா ஓட்டி எல்லா இடத்துலயும் ஒரே விடை வர வைக்கிறது. அதாவது யாரோ ஒருத்தர் மெஷின் மெதுவா இருந்தா அது அவரோட பிரச்சினையா மட்டும் நிக்காது. இதுக்கு விஎம் வேகம் பத்தல, அதனால ஒரு இன்ஜினியர இதுக்குன்னே எடுத்தாங்க. அவரு அதுக்கு முன்னாடி பல வருஷம் வேற ஒரு வணிக ஸ்மால்டாக்கோட விஎம்ல வேல பாத்தவர், ஜிட்ல, அதாவது ஓடுறப்போவே கோட மெஷின் கோடா மாத்துறதுல, கைப்பழக்கம் உள்ள ஆளு.

ஆளுங்க பேரையும் கம்பெனி பேரையும் விட்டுட்டேன், நமக்கு வேண்டியது என்ன செஞ்சாங்க ஏன் செஞ்சாங்கங்கறது மட்டும்தான். நான் இதுல எங்கயும் இல்ல, வெளிய இருந்து அந்த விஎம் சோர்ஸையும் அவரு அப்பப்போ பொதுவுல எழுதி வச்ச விளக்கங்களையும் படிச்சு புரிஞ்சிக்கிட்டவன், அவ்ளோதான். கடைசில வர்ற "என்ன மாத்தலாம்" பகுதி என்னோட கருத்து, அவங்க தலைல கட்ட வேணாம்.

## எங்க நேரம் போகுதுன்னு பாத்தப்போ

பழைய இன்டர்ப்ரெட்டர் ஒரு பெரிய ஸ்விட்ச். பைட்கோட (கம்பைல் ஆன ப்ரோக்ராமோட குட்டி கட்டளைய) எடு, எந்த கேஸுன்னு பாரு, குதி, செய், திரும்ப வா. இத வேகமாக்க ஏற்கனவே சில வேல நடந்திருந்துச்சு, ஜென்ரேட் ஆன சி கோட ஒரு ஸ்கிரிப்ட் வச்சு திருத்தி, ஸ்விட்சுக்கு பதிலா ஜிசிசி கம்பைலரோட லேபிள் டேபிள்ல நேரா குதிக்கிற மாதிரி மாத்திருந்தாங்க. கொஞ்சம் கிடைச்சுது. முழு ஜிட்டுக்கும் வேற வேற ஆளுங்க முயற்சி பண்ணிருந்தாங்க, ஆனா எல்லாரும் தினமும் ஓட்டுற விஎம்மா எதுவும் நிலைக்கல.

உண்மையான செலவு பைட்கோட பிரிச்சு பாக்குறதுல இல்ல, மெசேஜ் அனுப்புறதுல இருந்துச்சு. ஸ்மால்டாக்ல எல்லாமே மெசேஜ். ஒரு மெசேஜ் அனுப்புனா என்னென்ன நடக்கும்னு பாருங்க. ரிசீவரோட கிளாஸ் என்னன்னு கண்டுபிடிக்கணும், அந்த கிளாஸுக்கும் செலக்டருக்கும் (மெசேஜோட பேர்) சேத்து ஒரு பொது கேஷ்ல (முன்னாடி தேடுனத குறிச்சு வச்ச இடம்) தேடணும், இல்லன்னா கிளாஸ்ல இருந்து மேல மேல ஏறி டிக்ஷனரி டிக்ஷனரியா தேடணும். மெத்தட் கிடைச்சதும் ஒரு கான்டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட் உருவாக்கணும், அதுக்குள்ள ரிசீவரையும் ஆர்குமென்ட்டையும் அனுப்புனவரோட கான்டெக்ஸ்ட்ல இருந்து ஒவ்வொண்ணா காப்பி பண்ணனும், அப்புறம்தான் உள்ள முதல் பைட்கோடே ஓடும்.

இங்கதான் விஷயம் இருக்கு. சி மாதிரி மொழில ஃபங்க்ஷன் கூப்பிட்டா ஸ்டாக் பாயின்டர் கொஞ்சம் நகரும், வேல முடிஞ்சுது. ஸ்மால்டாக்ல ஓடிக்கிட்டு இருக்கற மெத்தடே ஒரு ஆப்ஜெக்ட், "திஸ்கான்டெக்ஸ்ட்"னு கேட்டா கைல குடுத்துடும், அதோட சென்டர் யாரு, பிசி (எந்த கட்டளைல இருக்கோம்ங்கற குறி) எங்க நிக்குது, டெம்ப் வேரியபிள்ல என்ன இருக்கு, எல்லாம் பாக்கலாம், மாத்தவும் செய்யலாம். டீபக்கர், எக்செப்ஷன், ப்ராசஸ் மாத்துறது எல்லாமே இது மேலதான் நிக்குது. அழகான விஷயம், சந்தேகமே இல்ல. ஆனா பழைய விஎம் இந்த வாக்குறுதிய வார்த்தைக்கு வார்த்தை காப்பாத்துச்சு, அதாவது ஒவ்வொரு மெசேஜுக்கும் நிஜமாவே ஹீப்ல (ஆப்ஜெக்டுங்க இருக்கற பொது மெமரி) ஒரு ஆப்ஜெக்ட் போட்டுச்சு. சின்னதுன்னா 16 ஸ்லாட் ஸ்டாக் இடம், பெருசுன்னா 56, அது போக சென்டர் பிசின்னு தலைப்பு ஃபீல்டுங்க தனி. பழசான கான்டெக்ஸ்ட்ட தூக்கிப் போடாம ஒரு லிஸ்ட்ல வச்சு மறுபடி எடுத்துக்குவாங்க, அப்படியும் சி கால் பக்கத்துல கூட வர முடியாது.

யாரும் கேக்காத ஒண்ண ஒவ்வொரு தடவையும் செஞ்சு வச்சுக்கிட்டே இருக்கோம்ங்கறதுதான் கண்டுபிடிப்பு. விருந்தாளி வருவாங்களோன்னு தினமும் மூணு வேளையும் இலை போட்டு சமைச்சு வைக்கிற மாதிரி.

இது புதுசா யாரும் கண்டுபிடிச்சதும் இல்ல. 1984லயே பாலோ ஆல்டோ ஜெராக்ஸ் ஆய்வகத்துல இருந்தவரும் இன்னொருத்தரும் சேந்து, சாதாரண மைக்ரோப்ராசசர்ல ஸ்மால்டாக்-80 வேகமா ஓட வைக்கிறது எப்படின்னு ஒரு பேப்பர் போட்டாங்க. ரன்டைம்ல இருக்கற கோடையும் டேட்டாவையும் ஒண்ணுக்கு மேற்பட்ட வடிவத்துல வச்சிக்க, தேவப்படுறப்போ ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்திக்கங்கறதுதான் அதோட சாரம். வணிக ஸ்மால்டாக்குங்க அத எப்பவோ எடுத்துக்கிட்டாங்க. ஸ்குவீக்குக்கு மட்டும் வந்து சேரல.

## முதல் முடிவு: ஜிட்ட தள்ளி வை, பிளாக்க சரி பண்ணு

வேகம் வேணும்னு கூப்பிட்ட ஆளு முதல்ல உக்காந்தது கம்பைலர் கிட்ட, அதுவும் மெஷின் கோட் பக்கமே போகாம. கம்பெனில யாராவது பொறுமை இழந்திருந்தா ஆச்சரியப்பட மாட்டேன். ஆனா அந்த முடிவு இல்லாம மீதி எதுவும் நடந்திருக்காதுன்னு தோணுது.

காரணம் பிளாக், அதாவது பின்னாடி ஓட்டிக்கலாம்னு கைல குடுக்கற கோட் துண்டு. அப்போ ஸ்குவீக்ல பிளாக்னா நிஜமான க்ளோஷர் (தனக்கு வேண்டிய வேரியபிள தன்கூடவே வச்சிக்கற துண்டு) கிடையாது. பிளாக்கோட ஆர்குமென்ட்டும் டெம்ப்பும் அத எழுதுன மெத்தடோட கான்டெக்ஸ்ட்டுக்குள்ளதான் உக்காந்திருக்கும், அந்த பிளாக் ஆப்ஜெக்டே ஓடுற கான்டெக்ஸ்ட்டும் கூட. அதனால ஒரு பிளாக் ஓடிட்டு இருக்கறப்போ அதையே மறுபடி கூப்பிட்டா "ஏற்கனவே ஓடிட்டு இருக்கு"ன்னு எரர் விழும், பிளாக்க வச்சு ரிகர்ஷன் எழுத முடியாது. லூப்புக்குள்ள பிளாக் ஃபோர்க் பண்ணுனா எல்லா பிளாக்கும் ஒரே வேரியபிள பங்கு போட்டுக்கும், அத சமாளிக்க ஃபிக்ஸ்டெம்ப்ஸ்னு ஒரு ஒட்டு வேல இருந்துச்சு, பழைய ஸ்குவீக் கோட்ல இன்னும் அங்கங்க கண்ணுல படும்.

இது சரியா தப்பாங்கறது ஒரு பக்கம். வேகத்துக்கு இதுல என்ன சிக்கல்னா, பிளாக் எப்போ வேணும்னாலும் வெளி மெத்தடோட கான்டெக்ஸ்ட்டுக்குள்ள கைய விட்டு வேரியபிள எடுக்கும். அந்த மெத்தட் ரிட்டர்ன் ஆன பிறகும் கூட. அப்போ கான்டெக்ஸ்ட்ட ஹீப்ல இருந்து ஸ்டாக்குக்கு எப்படி கொண்டு வர்றது? ரிட்டர்ன் ஆனதும் ஸ்டாக் ஃப்ரேம் போயிடுமே.

அவரு எடுத்த வழி, மத்த மொழிங்க கம்பைலர்ல பாத்து பழகினது. பிளாக்குக்குள்ள பயன்படுற வெளி வேரியபிளுங்கள ரெண்டு வகையா பிரி. பிளாக் உருவான பிறகு மாறவே மாறாததுன்னா அதோட மதிப்ப பிளாக்குக்குள்ளயே காப்பி பண்ணி வச்சிடு. பின்னாடி மாறும்னா அத மட்டும் ஹீப்ல ஒரு சின்ன அர்ரேல போடு, மெத்தடும் பிளாக்கும் ரெண்டுமே அந்த அர்ரேவ பாக்கட்டும். இன்ஜெக்ட்-இன்டூ மெத்தட எடுத்துக்கங்க, சேத்துக்கிட்டே வர்ற கூட்டுத்தொகை வேரியபிள் உள்ள பிளாக்ல மாறுது, அது அர்ரேக்கு போகும். நாம குடுத்த பிளாக் ஆர்குமென்ட் மாறாது, அது காப்பி. இப்போ உள்ள பிளாக் வெளி ஃப்ரேம தேடிப் போக வேண்டிய அவசியமே கிட்டத்தட்ட போச்சு, தொப்பி (^ குறி) போட்டு வெளி மெத்தட்ல இருந்தே ரிட்டர்ன் பண்றப்போ யாருக்கு திரும்பணும்னு தெரிஞ்சிக்க வெளி கான்டெக்ஸ்ட் வேணும்.

இதுக்கு புதுசா ஒரு கைப்பிடி பைட்கோடுதான் சேத்தாங்க, அர்ரே உருவாக்க, அதுல இருந்து எடுக்க, போட, க்ளோஷர் உருவாக்க. கம்பைலர் மாறுச்சு, டீகம்பைலர் மாறுச்சு, டீபக்கர்ல வேரியபிள் பேர் காட்டுறது மாறுச்சு, இருக்கற எல்லா மெத்தடையும் மறுபடி கம்பைல் பண்ணனும். இதுக்கே பல மாசம். இந்த கட்டத்துல வேகம்னு பாத்தா பெருசா ஒண்ணும் வரல, இன்டர்ப்ரெட்டர் அதே பழைய இன்டர்ப்ரெட்டர்தானே. ஆனா கான்டெக்ஸ்ட்ட ஸ்டாக்குக்கு கொண்டு வர்ற வழி திறந்துடுச்சு, கூடவே எல்லாருக்கும் நிஜமான க்ளோஷர் கிடைச்சுது.

## ஸ்டாக் விஎம், அதுல கல்யாணமான கான்டெக்ஸ்ட்டுங்க

அடுத்த படிலயும் ஜிட் இல்ல. இன்டர்ப்ரெட்டராவே இருக்கட்டும், ஆனா மெத்தட் ஆக்டிவேஷன் எல்லாம் ஒரு நிஜ ஸ்டாக்ல ஃப்ரேமா இருக்கட்டும்னு முடிவு. ஏன் நேரா ஜிட்டுக்கு போகலன்னா, ஃப்ரேம் அமைப்பு தப்பாயிருந்து மெஷின் கோடும் தப்பாயிருந்தா எது எங்க உடையுதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. ஒண்ண நிறுத்தி நிலைப்படுத்திட்டு அதுக்கு மேல அடுத்தது.

ஸ்டாக்க ஒரே நீளமா வைக்காம சின்ன சின்ன பக்கமா வெட்டி வச்சாங்க. ஒரு பக்கம் நிறைஞ்சா அடுத்த பக்கம். எல்லா பக்கமும் தீந்துட்டா ரொம்ப நாளா தொடாத பக்கத்துல இருக்கற ஃப்ரேம் எல்லாத்தையும் ஹீப்ல கான்டெக்ஸ்ட் ஆப்ஜெக்டா எழுதிட்டு பக்கத்த காலி பண்ணிக்கலாம். அதனால ஸ்மால்டாக்ல எவ்ளோ ஆழமா ரிகர்ஷன் போனாலும் மெமரி தீர்ற வரைக்கும் ஓடும், அந்த பழைய குணம் மாறல. பல ப்ராசஸ் இருந்தாலும் ஒவ்வொண்ணும் அதது பக்கத்துல இருக்கும், மாறுறது மலிவு.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச இடம் திஸ்கான்டெக்ஸ்ட்ட கையாண்ட விதம். யாராவது கேட்டா மட்டும் அந்த ஃப்ரேமுக்கு ஒரு கான்டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட் உருவாகும், அப்போ ரெண்டுக்கும் "கல்யாணம்" ஆச்சுன்னு சொல்றாங்க, சோர்ஸ்லயே பேரு அப்படித்தான். கான்டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட்டோட சென்டர் ஃபீல்டுல ஃப்ரேமோட முகவரிய ஒரு சின்ன இன்டீஜர் மாதிரி வேஷம் போட்டு வச்சிருப்பாங்க, அதனால ஜிசி (பயன்படாத மெமரிய துப்புரவு பண்ற பகுதி) அத பாயின்டர்னு நெனச்சு பின்தொடராது. ஃப்ரேம் பக்கமும் தன்னோட கான்டெக்ஸ்ட் யாருன்னு குறிச்சு வச்சிருக்கும். மெத்தட் ரிட்டர்ன் ஆயி ஃப்ரேம் போயிட்டா கான்டெக்ஸ்ட் "விதவை". இங்க கவனிங்க, ரிட்டர்ன் ஆகுறப்போ யாரும் போய் கான்டெக்ஸ்ட் கிட்ட சேதி சொல்றதில்ல. ரிட்டர்ன் பாதை வெறும் ரிட்டர்ன்தான், கல்யாணம் ஆச்சா இல்லையான்னு கூட பாக்காது. பின்னாடி எப்பவாவது யாராவது அந்த கான்டெக்ஸ்ட்ட தொட்டா அப்போதான் அது குறிச்சு வச்ச முகவரில நிஜமாவே ஃப்ரேம் இருக்கா, அந்த ஃப்ரேம் இவரத்தான் துணைன்னு சொல்லுதான்னு சரி பாத்து, இல்லன்னா போயிட்டாருன்னு தெரிஞ்சிக்கும். கேக்க சோகமா இருக்கு, ஆனா செலவு கணக்குல இது தங்கம்.

ஆனா ஒரு ஓட்டை. கான்டெக்ஸ்ட்டோட ஃபீல்ட சாதாரண இன்ஸ்டன்ஸ் வேரியபிள் மாதிரி படிக்கிற மெத்தடுங்க இருக்கு, அங்க இந்த வேஷம் போட்ட நம்பர் வெளிய தெரிஞ்சா நாசம். அதுக்காக எல்லா இன்ஸ்டன்ஸ் வேரியபிள் படிக்கிற இடத்துலயும் ஒரு சோதனை வச்சா மொத்த சிஸ்டமும் மெதுவாயிடும். செஞ்சது என்னன்னா, கான்டெக்ஸ்ட் கிளாஸுங்கள கம்பைல் பண்றப்போ மட்டும் கம்பைலர் இன்ஸ்டன்ஸ் வேரியபிளுக்கு நீள வடிவ பைட்கோட போடும், விஎம் அந்த நீள வடிவத்துல மட்டும் சோதனை பண்ணும். சாதாரண கோடுல பெரும்பாலும் குட்டி வடிவம்தான் வரும், அது பாட்டுக்கு ஓடும்.

இன்னொரு சின்ன தந்திரமும் சொல்லணும். மெசேஜ் அனுப்புறப்போ ஸ்டாக் பக்கம் நிறைஞ்சுதான்னு ஒரு ஒப்பீடு எப்படியும் வேணும். கீபோர்ட் மவுஸ் டைமர் ஏதாவது வந்துச்சான்னு பாக்கவும் அங்கங்க ஒரு ஒப்பீடு வேணும். ரெண்டுக்கும் ஒரே ஒப்பீடு போதும்னு வச்சாங்க, வெளில இருந்து ஏதாவது கவனிக்க வேண்டியிருந்தா ஸ்டாக் எல்லையையே பொய்யா மாத்தி விட்டுடுவாங்க, அடுத்த மெசேஜ் "ஸ்டாக் நிறைஞ்சிடுச்சு"ன்னு நெனச்சு மெதுவான பாதைக்கு போகும், அங்க போய் பாத்தா நிறையல, ஈவென்ட் வந்திருக்குன்னு தெரியும். நான் மூணு தடவ படிச்ச பிறகுதான் புரிஞ்சுது, புரிஞ்சப்போ சிரிப்பு வந்துச்சு.

## சிமுலேட்டர், இது இல்லன்னா கத வேற

ஜிட் எழுதுறவங்க தினமும் பட்ற அவஸ்தை, தப்பான ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் போட்டுட்டா ப்ரோக்ராம் எங்கயோ போய் செத்து கிடக்கும், காரணம் ரெண்டு லட்சம் மெசேஜுக்கு முன்னாடி எங்கயோ இருக்கும்.

ஸ்குவீக் விஎம் ஸ்மால்டாக்லயே எழுதினதால, அத சி ஆக்காம ஸ்மால்டாக்குக்குள்ளயே ஓட்டிப் பாக்கலாம், மெதுவா ஓடும், ஆனா நடுவுல நிறுத்தி இன்ஸ்பெக்டர் திறந்து பாக்கலாம். ஜிட்னு வந்ததும் இதுல ஒரு சிக்கல், ஜிட் போடுறது நிஜ எக்ஸ்86 மெஷின் கோட், அத சிமுலேட்டருக்குள்ள யாரு ஓட்டுறது? பாக்ஸ்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் எக்ஸ்86 எமுலேட்டர் இருக்கு, அதோட ப்ராசசர் பகுதிய மட்டும் ப்ளகின்னா இழுத்துக்கிட்டு வந்தாங்க. மெஷின் கோட் அந்த எமுலேட்டர்ல ஓடும், விஎம்மோட ரன்டைம் ரொட்டீன் ஏதாவது கூப்பிடணும்னா வேணும்னே செல்லாத ஒரு முகவரிக்கு குதிக்கும், எமுலேட்டர் "இது தப்பான முகவரி"ன்னு நிக்கும், ஸ்மால்டாக் பக்கம் அத பிடிச்சு எந்த முகவரிக்கு எந்த மெத்தட்னு பாத்து அத ஓட்டிட்டு திரும்ப அனுப்பும். ஏஆர்எம் வந்தப்போவும் இதே உத்திய வேற எமுலேட்டரோட பண்ணாங்க.

இதுக்கு செலவான நேரத்த ஒரு மேனேஜர் கணக்கு கேட்டா பதில் சொல்றது கஷ்டம், ஏன்னா யூசருக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. ஆனா ஒரு ஆளு பெரும்பகுதிய தனியா எழுதி, எல்லாரும் தினமும் நம்பி ஓட்டுற ஜிட் ஒண்ணு வந்துச்சுன்னா அதுக்கு இதுதான் காரணம்னு நான் நெனைக்கிறேன்.

## ஜிட் வருது, 2010

2010ல காக்ங்கற பேர்ல எம்ஐடி லைசன்ஸ்ல வெளிய விட்டாங்க. முதல் வடிவத்துல ஜிட் ரொம்ப எளிமையா இருந்துச்சு, ஒவ்வொரு பைட்கோடையும் அப்படியே மெஷின் கோடா மாத்தும், புஷ்னா புஷ், பாப்னா பாப். கூட்டல் கழித்தல்ல பெரிய ஜாலம் இல்ல. இருந்தும் மெசேஜ் அனுப்புறது எக்கச்சக்கமா வேகமாச்சு, காரணம் இன்லைன் கேஷ்.

ஒரு குறிப்பிட்ட இடத்துல இருந்து போற மெசேஜ் பெரும்பாலும் ஒரே கிளாஸுக்குத்தான் போகும், 1984 பேப்பர்லயே சுமார் 95 சதவீதம் பொருந்துதுன்னு அளந்து வச்சிருக்காங்க. அதனால முதல் தடவ தேடி கிடைச்ச மெத்தடோட முகவரிய கூப்பிடற இடத்துலயே மெஷின் கோடுல எழுதிடு, கூடவே எந்த கிளாஸுக்குன்னும் குறிச்சிடு. அடுத்த தடவ நேரா அந்த மெத்தடோட வாசலுக்கு குதிக்கும், வாசல்ல "நீ எதிர்பாத்த கிளாஸ்தானா வந்தது"ன்னு ஒரு ஒப்பீடு, ஆமான்னா உள்ள போ. இல்லன்னா ரெண்டு கிளாஸுக்கும் சேத்து ஒரு குட்டி ஒப்பீட்டு வரிசை உருவாகும், அது 6 கிளாஸ் வரைக்கும் வளரும், அதையும் தாண்டினா போராட வேணாம்னு பொது கேஷ பாக்குற ஒரு பொது வடிவத்துக்கு மாறிடும்.

எல்லாத்தையும் கம்பைல் பண்ணல, இதுவும் யோசிச்ச முடிவு. முதல் தடவ ஓடுற மெத்தட் இன்டர்ப்ரெட்டர்ல ஓடும், மறுபடி கூப்பிட்டு கேஷ்ல கிடைச்சாதான் மெஷின் கோடாகும், ஏன்னா ஸ்டார்ட்டப்ல ஒரே ஒரு தடவ ஓடுற மெத்தடுங்க நிறைய. 60 லிட்டரலுக்கு (மெத்தட் கூடவே வச்சிருக்கற மாறிலி, மெசேஜ் பேர் மாதிரி) மேல இருக்கற பெரிய மெத்தட் டீஃபால்ட்டா ஜிட் பக்கமே வராது, அதுங்க பெரும்பாலும் ஏதோ இனிஷியலைஸ் பண்றதுங்கதான். லூப்புக்குள்ள ரொம்ப நேரமா சுத்திட்டு இருந்தா பின்னாடி குதிக்கறத எண்ணி நடுவுலயே மாத்தி விடும். மெஷின் கோடுக்கு ஒதுக்குன இடம் சுமார் 1 எம்பிதான், நிறைஞ்சா கொஞ்சமா பயன்படுறத தூக்கிட்டு மீதிய நெருக்கி வைக்கும். தூக்குனா என்ன, பைட்கோட் இருக்கே, தேவன்னா மறுபடி உருவாக்கிக்கலாம். ஒரு மெத்தட் ஜிட் ஆயிருக்கான்னு தெரிஞ்சிக்கவும் தனி டேபிள் கிடையாது, மெத்தட் ஆப்ஜெக்ட்டோட முதல் ஸ்லாட்டுல வழக்கமா ஒரு சின்ன இன்டீஜர் இருக்கும், ஜிட் ஆனதும் அந்த இடத்துல மெஷின் கோடோட முகவரி, ஒரு பிட் பாத்தா தெரிஞ்சிடும்.

அடுத்த வடிவம் சீக்கிரமே வந்துச்சு. புஷ் பண்றத உடனே பண்ணாம, யாரு அத எடுத்துக்க போறாங்கன்னு தெரியிற வரைக்கும் கம்பைலர் மனசுல வச்சிருக்கும், எடுக்கறவரு வந்ததும் நேரா ரெஜிஸ்டர்ல குடுத்துடும். ரிசீவரும், ஆர்குமென்ட் கம்மியா இருந்தா அதுவும், ரெஜிஸ்டர்லயே போகும். பைட்கோடுல இருக்கற புஷ் பாப்ல பாதி மெஷின் கோடுக்கு வந்தே சேராது.

## நடுவுல முழிச்சிக்கிட்ட பிரச்சினை

ஜிட் வந்த பிறகு ஓரம் கட்டி வச்சிருந்த ஒண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு, ஆப்ஜெக்ட் அமைப்பு. பழைய ஸ்குவீக்ல ஆப்ஜெக்ட் தலைப்பு இடத்த மிச்சம் பிடிக்கறதுக்காக செஞ்சது, சிலதுக்கு ஒரு வேர்டு, சிலதுக்கு ரெண்டு, சிலதுக்கு மூணு. கிளாஸ் என்னன்னு பாக்கணும்னா முதல்ல சின்ன இன்டீஜரான்னு பாரு, இல்லன்னா 5 பிட்ல சுருக்குன கிளாஸ் எண் இருக்கான்னு பாரு, அதுவும் இல்லன்னா தனி வேர்டுல இருந்து பாயின்டர் எடு. இன்லைன் கேஷ் ஒப்பீடு ஒவ்வொண்ணுக்கும் இந்த சுத்து. போதாக்குறைக்கு ஜிசி கிளாஸ் ஆப்ஜெக்ட்ட நகத்துனா கேஷ்ல எழுதி வச்ச பாயின்டர எல்லாம் திருத்தணும். ஐடென்டிட்டி ஹேஷுக்கு (ஆப்ஜெக்ட்ட செட்ல தேட உதவுற எண்) 12 பிட்தான், அதாவது 4096 மதிப்பு, பெரிய ஐடென்டிட்டி செட் போட்டா முட்டி மோதி நகராது.

2013, 2014ல ஸ்பர்னு புது மெமரி அமைப்பு எழுதினாங்க. எல்லாத்துக்கும் 64 பிட் தலைப்பு, உள்ள 22 பிட் கிளாஸ் எண், 22 பிட் ஹேஷ். கிளாஸ் எண் நகராது, அதனால கேஷ்ல திருத்தம் வேணாம், ஒப்பீடும் சுலபம். புது ஆப்ஜெக்டுங்களுக்கு காப்பி பண்ற ஸ்கேவெஞ்சர் ஜிசி. 64 பிட் வடிவத்துல பெரும்பாலான ஃப்ளோட்ட பாயின்டருக்குள்ளயே அடக்கிட்டாங்க, எக்ஸ்போனென்ட்ல 3 பிட்ட விட்டுக்குடுத்து, அதனால சாதாரண கணக்குக்கு ஹீப்ல இடம் எடுக்கறதில்ல.

பிகம்ங்கறது ஸ்மால்டாக்ல ஒரு ஆப்ஜெக்ட் இன்னொண்ணா மாறுற வித்தை. பழசுல அதுக்கு மொத்த ஹீப்பையும் துழாவணும். ஸ்பர்ல பழைய இடத்துல "இவர் வீடு மாறிட்டார், புது விலாசம் இது"ன்னு ஒரு பலகை மட்டும் மாட்டி வைப்பாங்க, அந்த பலகைக்கு யாருக்கும் இல்லாத ஒரு கிளாஸ் எண். அதுக்கு மெசேஜ் அனுப்புனா இன்லைன் கேஷ் எப்படியும் பொருந்தாது, மெதுவான பாதைக்கு போகும், அங்க பலகைய பாத்து திருத்திக்கும். வேகமான பாதைல புதுசா ஒரு சோதனை கூட சேரல. கான்டெக்ஸ்ட் கல்யாணத்துல பாத்த அதே புத்திதான் இது, பொய்யான ஸ்டாக் எல்லைலயும் அதேதான், எப்பவும் போற ரோட்டுல செக்போஸ்ட் போடாத, தப்பி வர்றவங்க போற சந்துல போடு.

## என்ன கிடைச்சுது, என்ன கிடைக்கல

ஸ்குவீக் 5.0 2015லயும், ஸ்குவீக்ல இருந்து பிரிஞ்ச ஃபேரோவோட 5ம் வடிவம் 2016லயும் ஸ்பர் மேல வந்துச்சு, 64 பிட்டும் பின்னாடியே. 3டி கூட்ட அறைக்காக ஆரம்பிச்ச வேல அந்த அறைய எப்பவோ தாண்டி ரெண்டு ஸ்மால்டாக் சமூகத்துக்கும் பொது விஎம் ஆச்சு. மெசேஜ் நிறைய அனுப்புற கோட்ல பல மடங்கு வித்தியாசம், ப்ளகின்னுக்குள்ளயே நேரம் போற படம் வரையிற வேல மாதிரி இடத்துல அவ்ளோ தெரியாது, அது ஏற்கனவே சி கோடுதானே.

நடுப்படியா எழுதின ஸ்டாக் விஎம் வீணாகல. ஐஓஎஸ் மாதிரி ஜிட்டுக்கு அனுமதி தராத இடத்துல அதுதான் ஓடுது, புது ப்ராசசருக்கு கொண்டு போறவங்களும் முதல்ல அத ஓட வச்சிட்டுத்தான் ஜிட்டுக்கு வருவாங்க.

கிடைக்காதது, ஓடுறப்போ கிடைக்கற தகவல வச்சு மெத்தடுக்குள்ள மெத்தட இழுத்து ஒண்ணாக்குற ஆப்டிமைசர். ஜிட் போட்ட கோடுல கண்டிஷனல் ஜம்ப்ல ஒரு கவுண்டர் வச்சு, சூடானதும் ஸ்மால்டாக் பக்கமே கூப்பிட்டு, அங்க இருக்கற ஆப்டிமைசர் நல்ல பைட்கோடா எழுதி தர்ற திட்டம். ஓட வச்சு காட்டுனாங்க, ஆராய்ச்சியாவும் வெளிவந்துச்சு, எல்லாரும் தினமும் ஓட்டுற விஎம்ல டீஃபால்ட்டா மட்டும் வரல. ஒரே நேரத்துல பல கோர்ல ஸ்மால்டாக் ஓடுறதும் இந்த வேலையோட வட்டத்துக்குள்ள வரவே இல்ல.

## மறுபடி பண்ணா

ஸ்பர முன்னாடியே பண்ணிருக்கலாமோன்னு முதல்ல எனக்கு தோணுச்சு. கிளாஸ் எடுக்கற கோடையும் இன்லைன் கேஷையும் ரெண்டு தடவ எழுத வேண்டி வந்துச்சே. ஆனா ஆப்ஜெக்ட் அமைப்பு மாறுனா இமேஜ் ஃபைலே (எல்லா ஆப்ஜெக்டையும் சேவ் பண்ணி வைக்கிற ஃபைல்) மாறும், எல்லாரோட இமேஜும் மாத்தி எழுதணும், க்ளோஷருக்கே ஒரு தடவ எல்லாரையும் அலைய விட்டாச்சு. வேகம் கண்ணுக்கு தெரியாத நேரத்துல ரெண்டாவது தடவயும் கேட்டிருந்தா யாரு ஒத்துக்கிட்டிருப்பாங்க? அதனால அந்த கருத்த பாதி வாபஸ் வாங்கிக்கிறேன்.

அளவு விஷயத்துல வாபஸ் இல்ல. ஸ்குவீக் ஆளுங்க வழக்கமா எடுக்கற அளவு டைனி பெஞ்ச்மார்க்ஸ், ஒரு சல்லடையும் ஒரு ஃபிபனாச்சியும், இவ்ளோ பைட்கோட் இவ்ளோ மெசேஜ்னு ரெண்டு நம்பர் வரும். ஃபிபனாச்சில எல்லா மெசேஜும் ஒரே கிளாஸுக்கு போகும், இன்லைன் கேஷுக்கு அது அல்வா. நிஜ ப்ரோக்ராம்ல 6 கிளாஸ் தாண்டுன இடங்க எத்தன, கோட் இடம் நிறைஞ்சு எத்தன தடவ தூக்குது, ஜிசில எவ்ளோ போகுதுன்னு அந்த ரெண்டு நம்பரும் சொல்லாது. ஆரம்பத்துலயே ரெண்டு மூணு நிஜ வேலைய, டீபக்கர் திறக்கறது, பெரிய கோட மொத்தமா கம்பைல் பண்றது மாதிரி, அளவுக்குன்னு நிறுத்தி வச்சிருக்கலாம்.

இன்னொண்ணு ஆளு. இவ்ளோ நுணுக்கம் ரொம்ப நாள் ஒருத்தர் ரெண்டு பேர் தலைக்குள்ளதான் இருந்துச்சு. அவரு நிறைய எழுதினாரு, சோர்ஸ்ல கமென்ட்டும் நீளம் நீளமா இருக்கு, கல்யாணம் விதவை எல்லாம் அங்கயே விளக்கிருக்காரு. ஆனாலும் படிக்கறவங்க உள்ள நுழைய மாசக்கணக்குல ஆகுது, எனக்கு ஆச்சு. க்ளோஷர் படில இருந்தே கூட ஒருத்தர உக்கார வச்சு, சிமுலேட்டர்ல ஒரு மெசேஜ் எப்படி போகுதுன்னு அவரையே அடிக்கு அடி ஓட்ட விட்டிருந்தா, பின்னாடி ஆப்டிமைசர் வேல நின்ன இடத்துல இன்னொரு கை இருந்திருக்கும்.